தராசுக்காரி

எனக்கு வரிசையாக எழுத வராது. ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை நிறைய இருக்கும். ஆட்களின் முகம் ஞாபகம் இருக்கிற அளவுக்கு வருஷம் ஞாபகம் இருக்காது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிள்ளானுக்கு வெளியே அந்தக் காலத்தில் கார்ட் ஓட்டிய பழைய ஆட்கள் சேர்ந்து ஒரு புத்தகம் போடுகிறார்களாம். ஆளுக்கு ஒருவரைப் பற்றி எழுதித் தர வேண்டுமாம். கொழுந்தன் மகள் தாளும் பேனாவும் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "பெரியம்மா, நீங்க பெரியப்பாவப் பத்தி எழுதுங்க. எஞ்சின் கட்டுறதுல அவர் மாதிரி ஆள் இல்லன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றாள். சரி என்றுதான் உட்கார்ந்தேன். பேனாவைப் பிடித்தால் அவர் வரவில்லை. அந்தப் பொம்பளைதான் வந்து நிற்கிறார்.

பெயரை எழுத மாட்டேன். அப்போதும் நான் அவர் பெயரைச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் 'மேடம்' என்பார். நான் மனசுக்குள் தராசுக்காரி என்பேன்.

கார்ட் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முழங்கால் உயரம்கூட இருக்காது. நாலு சின்னச் சக்கரம், உட்கார ஒரு இருக்கை, பக்கத்தில் ஒரு எஞ்சின். கூரையும் கிடையாது, கதவும் கிடையாது. ஜெஞ்சாரோம் போகிற சாலையில், செம்பனைக்கு நடுவே ஒரு இடத்தைச் சுத்தம் செய்து தார் போட்டு வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் அங்கே ஓட்டம். எண்பதுகளில் நடந்தது. கொழுந்தன் ஓட்டுவார், என் வீட்டுக்காரர் எஞ்சின் கட்டுவார். எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் பட்டறை. வாரம் முழுக்க மோட்டார் சைக்கிள் ரிப்பேர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தால் கார்ட் எஞ்சின். நான் எல்லாருக்கும் நாசி லெமாச் சோறும் தேத்தண்ணியும் கட்டிக்கொண்டு போவேன்.

திடலில் ஒரு தகரக் கொட்டகை. அதில் தரையோடு தரையாக ஒரு பெரிய தராசு. ஓட்டம் முடிந்ததும் கார்ட், ஓட்டியவனோடு சேர்ந்து அதில் ஏற வேண்டும். சொன்ன எடைக்குக் குறைந்தால் ஜெயித்தது செல்லாது. ஒல்லியானவன் ஈயக்கட்டி கட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். அந்தத் தராசுக்குப் பக்கத்தில் அவர் இருப்பார். நாற்பது நாற்பத்தைந்து வயசு. நூல் சேலை, காலில் வெள்ளை கான்வாஸ் சப்பாத்து, கொண்டையில் ஒரு பென்சில். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வீடு, யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க ஆபீஸ் உத்தியோகம். முதலில் அவர் தம்பிதான் கார்ட் ஓட்ட வந்தார், இவர் துணைக்கு வந்தார். தம்பி சீமைக்குப் போய்விட்டார். இவர் தராசை விட்டுப் போகவில்லை.

காலையில் யாரையும் நிறுப்பதற்கு முன்னால் அவர் தராசை நிறுப்பார். பெட்டியிலிருந்து இரும்புப் படிக்கற்களை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தானே ஏறி நின்று, அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவே, "ஐம்பத்தெட்டரை. எழுதுங்கோ" என்பார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டரிடம்கூட என் வயசை மெதுவாகச் சொல்கிறவள் நான்.

"என்னத்துக்கு மேடம் நீங்க ஏறுறீங்க?" என்று ஒருத்தன் சிரித்தான்.

"போன ஞாயிறும் இதேதான் காட்டினது. நான் பொய் சொல்லலாம், தராசு சொல்லக்கூடாது."

பக்கத்தில் நின்ற இன்னொருத்தன், "மேடம் தீபாவளி முடிஞ்சு ஏறுங்க, அப்ப பாக்கலாம் தராசு என்ன சொல்லுதுன்னு" என்றான். அவரும் சிரித்தார். ஆனால் தீபாவளிக்கு அடுத்த ஞாயிறும் ஏறத்தான் ஏறினார். அறுபது. அதையும் சத்தமாகத்தான் சொன்னார்.

நான் முதல்முதலில் போன அன்று, வெயிலில் உட்கார்ந்திருக்கிறாரே என்று ஒரு கப் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"நீங்கள் ஓடுற ஆக்களின்ர வீட்டுக்காரியோ?"

"ஆமாங்க."

"அப்ப ஓட்டம் முடியட்டும். பிறகு குடிக்கிறன்."

எனக்கு முகம் செத்துப்போனது. ஒரு கப் தேத்தண்ணியில் நான் என்ன லஞ்சமா கொடுக்கப் போகிறேன்? மேசை ஓரத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் எல்லாம் முடிந்து, ஜெயித்தவனுக்குக் கோப்பை கொடுத்து முடிந்து, அவர் என்னிடம் வந்து நின்று, ஈ மொய்த்துப் போன அந்தத் தேத்தண்ணியை ஈயை எடுத்துப் போட்டுவிட்டு முழுவதும் குடித்தார். "நல்ல சாயம்" என்று சொல்லிக் கப்பைக் கழுவிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லோரியில் வரும்போது, "பாத்தியா? என்னா நேர்ம!" என்றார்.

"ஈ விழுந்தத குடிக்கிறது நேர்மயா?" என்றேன்.

"உனக்குப் புரியாது."

அந்த இரண்டு வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

அவர் அடிக்கடி சொல்கிற பேச்சு ஒன்று உண்டு. "காசு ஓடக்கூடாது. ஆள்தான் ஓடவேணும்." அதற்காக அவர் கொண்டுவந்த சட்டங்கள் பல. எல்லாருக்கும் ஒரே வகை டயர், நாள் முழுக்க ஒரே செட். காலையில் அவரே ஒவ்வொரு டயரிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போடுவார். கோடில்லாத டயர் ஓடக்கூடாது. எல்லாவற்றையும்விட பெரிய சட்டம் 'கிளேம்'. ஜெயித்தவனுடைய எஞ்சினை, அந்த ஓட்டத்தில் ஓடிய எவனும் அரை மணி நேரத்துக்குள் ஒரு நிர்ணய விலையை வைத்துக் கேட்கலாம். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். மறுத்தால் அந்த வருஷம் முழுக்க ஓட முடியாது. பெரிய பணம் போட்ட எஞ்சினைச் சின்ன விலைக்கு எவனாவது தூக்கிக்கொண்டு போவான் என்றால், எவன் பெரிய பணம் போடுவான்? அதுதான் அவர் கணக்கு.

கோலாலம்பூரில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி அதை நம்பவில்லை. எவன் கேட்கப் போகிறான் என்று இத்தாலியிலிருந்து ஒரு எஞ்சின் வரவழைத்தார். அளவெல்லாம் சட்டப்படிதான், ஆனால் வேலைப்பாடு வேறு. தொடர்ந்து மூன்று ஞாயிறு அவரே ஜெயித்தார். மூன்றாவது ஞாயிறு, ஓட்டம் முடிந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, என் கொழுந்தன் ஒரு உறையைக் கொண்டுபோய் தராசுக்காரி மேசையில் வைத்தார்.

"கிளேம், மேடம்."

முதலாளி ஓடி வந்தார். "மேடம், நான் இதுக்கு எவ்ளோ கொட்டியிருக்கேன் தெரியுமா? இத்தாலி சாமான் லா!"

"தெரியும். அதுக்காகத்தான் இந்தச் சட்டம்."

"அநியாயமா இருக்கு!"

"விலை எல்லாருக்கும் ஒண்டுதான். கையெழுத்துப் போடுங்கோ."

கொழுந்தனுக்கு வாய் சும்மா இருக்காது. "பாஸ், எஞ்சின் சுடுது. ஆறட்டும், நான் வெயிட் பண்றேன். அவசரமில்ல" என்றார். திடலே சிரித்தது. நானும் கை தட்டினேன்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, அந்த உறையில் இருந்தது நான் தையல் மெஷினுக்கு வைத்திருந்த சீட்டுப் பணம். காலையிலேயே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கேட்டா குடுத்திருக்க மாட்டேனா?" என்றேன்.

"மேடம் அந்த ரூல போட்டதே நம்மள மாதிரி ஆளுக்குத்தான். ஒருத்தனும் யூஸ் பண்ணலன்னா அவங்களுக்குத்தானே அவமானம்?" என்றார் வீட்டுக்காரர்.

அந்தப் பொம்பளையின் அவமானம் அவருக்குத் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டுத் தப்பாக நினைக்க வேண்டாம். அவர்கள் இரண்டு பேருக்குள் ஒன்றும் இல்லை. நினைத்தாலே நாக்கு அழுகிப்போகும். தனியாக நின்று அவர்கள் பேசி நான் பார்த்ததே இல்லை. ஏதாவது இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன், நாலு பேரிடம் சொல்லி அழுதிருப்பேன். மரியாதையோடு எப்படிச் சண்டை போடுவது? குழம்பில் உப்பு கூடினால், "மேடமா இருந்தா அளந்து போட்டிருப்பாங்க" என்பார். "அப்ப பிரிக்பீல்ட்ஸுக்கே போய்ச் சாப்பிடுங்க" என்பேன். சிரிப்பார். அவருக்கு அது வேடிக்கை. எனக்குச் சோறு இறங்காது.

அந்த இத்தாலி எஞ்சின் எங்கள் பட்டறைக்கு வந்த பிறகு எனக்கு ஒரு வேலை கூடியது. எஞ்சினுக்கு மேலே மூடுகிற ஒரு தலைப்பாகம் உண்டு, ஹெட்டு என்பார்கள். அதன் முகம் மேடு பள்ளம் இல்லாமல் இருந்தால்தான் எஞ்சின் நன்றாக இழுக்கும். ஒரு தடித்த கண்ணாடியில் அராவுகிற கறுப்புப் பேஸ்ட்டைத் தடவி, அதன் மேல் ஹெட்டைக் கவிழ்த்து, எட்டாம் எண்ணை எழுதுகிற மாதிரி எட்டு எட்டாகப் போட்டுத் தேய்க்க வேண்டும். ஆம்பளைக் கைக்கு அழுத்தம் கூடிவிடும், ஒரு பக்கம் சாய்ந்துவிடும். என் கைக்கு அது வந்தது. சிக்குக் கோலம் போடுகிற கைக்கு எட்டு வராதா? என் விரல் இடுக்கில் அந்தக் கறுப்பு எப்போதும் இருக்கும், சோப்புக்குப் போகாது.

ஒரு ஞாயிறு தராசுக்காரி அந்த ஹெட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஆர் தேய்ச்சது? கண்ணாடி மாதிரி இருக்கு."

நான் ஒரு கை தூரத்தில் பிளாஸ்க்கோடு நிற்கிறேன்.

"நம்ம பட்டறையிலதான் மேடம்" என்றார் என் வீட்டுக்காரர்.

தராசுக்காரி என் விரல்களைப் பார்த்தார். நான் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் யார் மேல் வந்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அன்று வந்தது அந்தப் பொம்பளை மேல்தான்.

அந்த வருஷத்துக் கடைசி ஓட்டம். ஜெயித்தால் வருஷத்துக் கோப்பை எங்களுக்கு. முதலாளியும் இன்னொரு எஞ்சினோடு வந்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு ஒரு வழக்கம். புதன்கிழமை ஹெட்டைக் கடைசியாக அளப்பார். அளந்து முடித்ததும் அதில் விபூதி வைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி சாமி மேடையில் வைத்துவிடுவார். அதற்குப் பிறகு அளக்க மாட்டார். சாமியிடம் வைத்ததைத் திரும்ப அளந்தால் சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரியாம். சனிக்கிழமை எடுத்து அப்படியே பூட்டுவார்.

அளவு என்றால், ஹெட்டுக்குள் குறைந்தது இவ்வளவு எண்ணெய் பிடிக்க வேண்டும் என்று சட்டம். தேய்க்கத் தேய்க்க உள்ளே இடம் குறையும், வேகம் கூடும். அதனால் எல்லாரும் சட்டத்துக்கு ஒரு மயிரிழை மேலே வந்து நிறுத்திக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் அந்த மயிரிழையில் நிறுத்துவதில் கெட்டிக்காரர். எனக்கு அது தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் செயின் வாங்கக் கோலாலம்பூர் போனார். நான் சாமி மேடையிலிருந்து துணியை எடுத்து அவிழ்த்தேன். விபூதியைத் துடைத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டேன். எட்டுப் போட ஆரம்பித்தேன்.

ஜெயிக்க வைக்கத் தேய்க்கவில்லை. அளவு தப்ப வேண்டும் என்றுதான் தேய்த்தேன். தராசுக்காரி அளந்து பார்த்து, செல்லாது என்பார். இவர் புதன்கிழமை தானே அளந்தவர், விடமாட்டார், சண்டைக்குப் போவார். 'அந்தப் பொம்பளைக்கு என்ன தெரியும்' என்று ஒரு தடவை அவர் வாயால் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. கோப்பை போனால் போகட்டும் என்று நினைத்தேன். நூறு எட்டு போட்டேன். போதாதோ என்று இன்னும் நூறு. பிறகு கழுவித் துடைத்து, புதிதாக விபூதி வைத்து, அதே மடிப்பில் சுற்றி வைத்தேன். ஒரு எட்டுகூடக் கோணவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் ஓட்டியதை அன்று பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதலாளி அரை வட்டம் பின்னால். கொழுந்தன் இறங்கி வந்து அண்ணனைத் தூக்கிச் சுற்றினார். என் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர். எடை சரி. டயர்க் கோடு சரி. பிறகு ஹெட்டைக் கழற்றினார்கள்.

தராசுக்காரி கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் எண்ணெய் எடுத்து, சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டார். சட்டத்தில் சொன்ன கோடு வருவதற்குள் ஹெட்டு நிறைந்துவிட்டது. குழாயில் இன்னும் கொஞ்சம் நின்றது. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினார். மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை குழாயை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

"நீங்களே ஊத்துங்கோ."

அவர் ஊற்றினார். நிறைந்து வழிந்து மேசையில் ஓடியது.

"அண்ணே, சும்மா நிக்காதீங்கண்ணே! அந்தக் குழாய்தான் தப்புன்னு சொல்லுங்க!" என்று கொழுந்தன் கத்தினார்.

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று.

"டேய், வாய மூடு" என்றார் என் வீட்டுக்காரர். "மேடம் குழாய் தப்பாது. என் கைதான் தப்பிருச்சு."

தராசுக்காரி ஹெட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். மேலே புதுசாகத் தேய்த்த தடம். எட்டு எட்டாக, ஒழுங்காக. எட்டை அவ்வளவு ஒழுங்காகப் போடுகிற கை அந்தத் திடலில் ஒன்றுதான். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே மூடியிருந்த மூடியை.

அவர் ஒரு தாளை எடுத்தார். இங்கிலீஷில் இருந்தது. அளந்த கணக்கை எழுதினார். பிறகு கொண்டைப் பென்சிலை உதட்டில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கீழே இரண்டு வரி எழுதினார். என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

"வாசிச்சுப் பாத்துக் கையெழுத்து வையுங்கோ."

"நீங்க எழுதினா சரியாத்தான் மேடம் இருக்கும்" என்று வாசிக்காமலே போட்டார்.

கோப்பை முதலாளிக்குப் போனது. லோரியில் வரும்போது, பந்திங் சந்தி தாண்டியதும், வீட்டுக்காரர் தனக்குத்தானே, "புதன்கிழமை நான்தானே அளந்தேன். கண்ணு போயிருச்சு போல" என்றார். நான் வெளியே செம்பனையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அவர் ஓட்டத்துக்கு எஞ்சின் கட்டவில்லை. மோட்டார் சைக்கிள் வேலை மட்டும். அதிலும் எதை அளந்தாலும் இரண்டு தடவை, மூன்று தடவை அளப்பார். பக்கத்தில் நிற்கிறவனிடம், "நீயும் ஒரு தடவ பாரு" என்பார். அப்படிக் கேட்கிற ஆள் இல்லை அவர். கொழுந்தன் கார்ட்டை விற்றுவிட்டார். நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் திறந்த நாளும் உண்டு. திறந்தால், 'மேடமுக்குத் தெரியுமா?' என்றுதான் முதலில் கேட்பார் என்று தோன்றும். மூடிக்கொள்வேன்.

சில வருஷம் கழித்துப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு காய்கறிக் கடையில் அவரைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. கொண்டையில் பென்சில் இல்லை. முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அவர் எஞ்சின் கட்டுறாரோ?"

"இல்லைங்க. விட்டுட்டாரு."

"நீங்கள் சொன்னீங்களோ?"

"என்னத்த?" என்றேன்.

என்னைப் பார்த்தார். தராசு முள் நிற்பதற்குக் காத்திருக்கிற மாதிரி பார்த்தார். பிறகு, "சரி" என்று சொல்லி முருங்கைக்காயைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. தம்பியிடம் சீமைக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

என் வீட்டுக்காரர் இப்போது இல்லை. தன் கை தப்பிவிட்டது என்று நம்பிக்கொண்டே போனார். கொழுந்தன் இருக்கிறார், இதைப் படிப்பார். படித்துவிட்டு என்னை என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அன்றைய தாளெல்லாம் ஒரு பெட்டியில் யாரோ பத்திரமாக வைத்திருப்பதாகக் கொழுந்தன் மகள் சொல்கிறாள். புத்தகம் போடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எண்ணெய் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது எனக்கு மறந்துவிட்டது, எந்த வருஷம் என்பதும் தெரியாது, அதையெல்லாம் பார்த்துச் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள். அதோடு இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த யாராவது அந்தத் தாளின் கீழே இருக்கிற இரண்டு வரியை வாசித்து எனக்குச் சொல்ல வேண்டும். நான் செய்ததாக எழுதியிருந்தால் அதை அப்படியே புத்தகத்தில் போடுங்கள். என் வீட்டுக்காரர் கை தப்பு என்று எழுதியிருந்தால் அது பொய் என்று போடுங்கள், நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பொம்பளை எழுதியதில் அப்படி ஒரு பொய் இருந்தால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கும்.